வெள்ளிக்கிழமை எடை, சனிக்கிழமை எடை

ஆக்ஸ்னார்ட்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள ரெய்முண்டோவுக்கு,

நானும் குழந்தையும் நலம். பயிற்சியாளர் என்ற அதிகாரத்தில் மாமா முகாமில் எல்லோருடைய போனையும் வாங்கிப் பூட்டி இரண்டு வாரமாகிறது. அதனால்தான் நாளை மலைமேல் முகாமுக்கு இறைச்சி கொண்டுவரும் உன் தம்பி பெத்தோவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படி.

இட்செலுக்குச் சளி விட்டுவிட்டது, பழக்கம்தான் விடவில்லை. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் இன்னும் தட்டை மேஜைக்கு அடியில் ஒளிக்கிறாள். குத்துச்சண்டைக்காக நீ எடை குறைக்கும் நாட்களில் உன் கண்ணெதிரே யாரும் சாப்பிடக் கூடாது என்று நாம் பழக்கியதுதானே. நீ கிளம்பிய அன்று முட்டையும் பீன்ஸும் சாப்பிட உட்கார்ந்தபோது, "அப்பா, நீயும் சாப்பிடுவியா?" என்று கேட்டாளே. நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மேல் எடைப் பிரிவுக்குப் போ என்று கெஞ்சியவள் நான்தான். போன பந்தயத்துக்கு முந்தின நாள், நூற்று முப்பத்தைந்து பவுண்டுக்கு இறங்குவதற்காக, நாக்கு வறண்டு குளியலறைத் தரையில் கிடந்தாய். சிறுநீர் கோலா நிறத்தில் போனது. பட்டம் போனால் போகட்டும், வயிறாரச் சாப்பிட்டுச் சண்டை போடு என்றேன். மாமா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. "படிச்ச பொண்ணாம்! தின்ன வச்சே என் பையனைக் கெடுக்கிறா" என்று பெத்தோவிடம் சொன்னாராம்.

போன சனிக்கிழமை இறைச்சிக் கடையில் யெசேனியாவைப் பார்த்தேன். அவள் கணவன்தானே அங்கே உன்னோடு பயிற்சிச் சண்டை போடுகிறவன். முந்தின இரவு வீட்டுக்கு வந்திருந்தானாம். சிரித்துக்கொண்டே வந்தாள். "ஏன்டி, எங்க வீட்டுக்காரர் மேல கோவமா? வேணும்னா அடிச்சுப் போட்டாரு? உன் ஆளு எழுந்திரிக்கிறதுக்குள்ள இவருக்குத்தான் உயிரே போயிடுச்சாம்" என்றாள். என் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு எதுவும் தெரியாது என்று அவளுக்கு உறைத்தது. "ஐயோ, தரை ஈரமா இருந்திருக்கும்டி, வழுக்கியிருப்பாரு" என்று பேச்சை மாற்றினாள்.

பயிற்சிக்கூடத்தில் நடப்பது வெளியே வரக் கூடாது, அது உங்கள் சட்டம். ஆனால் உன்னை விழவைத்தது தலைக்கவசம் போட்டிருக்கும்போது, பதினாறு அவுன்ஸ் கையுறையில் வாங்கிய அடி. பந்தயத்தன்று தலைக்கவசம் இல்லை. கையுறை எட்டு அவுன்ஸ், பஞ்சு பாதிதான்.

இன்னொன்று. உனக்குச் சாப்பாடு கிடைத்த சந்தோஷத்தில் நான் யோசிக்காமல் விட்டது. நீ இப்போது பட்டினி கிடக்கவில்லை, எதிராளி கிடக்கிறான். வெள்ளிக்கிழமை எடை பார்க்கும்போது இருவரும் நூற்று நாற்பத்தேழுதான். அதன் பிறகு அவன் தண்ணீரும் சாப்பாடுமாக ஏற்றிக்கொண்டு சனிக்கிழமை நூற்று அறுபதைத் தாண்டி வருவான். இத்தனை வருடம் நீ மற்றவர்களுக்குச் செய்தது அதுதானே? நீ வெள்ளிக்கிழமை எடையோடேயே சனிக்கிழமை மேடை ஏறுவாய்.

பந்தயத்துக்கு இன்னும் பதினொரு நாள். இந்த வெள்ளிக்கிழமை உனக்கு மருத்துவப் பரிசோதனை. முகாமில் அடிபட்டு விழுந்தாயா என்று டாக்டர் கேட்பார். மாமா பக்கத்தில் நிற்பார். நீ இல்லை என்று சொல்லிவிடுவாய், எனக்குத் தெரியும். அப்படிச் சொல்லாதே, ரெய். ஆமாம் என்று சொன்னால் பந்தயம் தள்ளிப் போகும், ஒருவேளை போயே போகும். மாமா இந்த ஜென்மத்துக்கு என்னோடு பேச மாட்டார். பேசாமல் இருக்கட்டும்.

அந்த டாக்டரின் நம்பர் என்னிடமும் இருக்கிறது. நேற்று இரண்டு முறை அழுத்திவிட்டு, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். உன் முதுகுக்குப் பின்னால் செய்யக் கை வரவில்லை. இன்று வரவில்லை. வியாழக்கிழமை பெத்தோ வெறுங்கையோடு திரும்பினால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. ஒரே ஒரு வரி எழுதி அனுப்பு.

குவாதலூப்பே மாதா உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும். பட்டத்துக்கான பெல்ட் இல்லாமலே வா. முட்டையும் பீன்ஸும் செய்து வைக்கிறேன். நீ உள்ளே வரும்போது இட்செலின் தட்டு மேஜைமேலேயே இருக்கட்டும்.

உன்
மரிசேலா