நம்ம லாட்ஜின் கீழ் ரூம்

என்னங்க,

நல்லா இருக்கீங்களான்னு கேட்க முடியாத இடத்துக்குப் போயிட்டீங்க. லாட்ஜ் அப்படியேதான் இருக்கு. தாம்பரம் ஸ்டேஷன்ல இறங்கி ரோட்டைத் தாண்டினா இன்னிக்கும் நம்ம வாசல்தான்.

மீட்டர்கேஜ் காலத்துல உங்கப்பா ஓட்டுக் கட்டடமா ஆரம்பிச்சது. மாடி எடுத்தது நீங்க. இன்டர்வியூவுக்கு ஓடுறவங்க, கல்யாணத்துக்கு வந்தவங்க, எல்லாருக்கும் மாடி. கீழே இருக்கிற ஒரே ரூம் மட்டும் சானடோரியம் ஆஸ்பத்திரிக்கு வர்ற டிபிக்காரங்களுக்கு. மத்த லாட்ஜ்ல இருமல் சத்தம் கேட்டாலே ரூம் காலி இல்லைன்னுடுவாங்க. நீங்க கேட்கிறது ஒண்ணே ஒண்ணுதான்: "படி ஏற முடியுமா?" முடியாதுன்னா கீழ் ரூம் சாவியை நீட்டிடுவீங்க. என்ன வியாதின்னு ஒருநாளும் கேட்டதில்லை.

போன வாரம் நம்ம பையன் பாபு, லாட்ஜை இடிச்சுப் புதுசா கட்டப்போற பிளானை விரிச்சான். கீழ் ரூம் இருந்த இடத்துல செல்போன் கடை!

"எல்லாரும் ரிவ்யூ பார்த்துட்டுத்தான் வர்றாங்கம்மா. நோயாளிங்க தங்குற லாட்ஜுன்னு ஒருத்தன் எழுதினாலும் பேஜாராயிடும். இங்க ஒரு கையெழுத்து போடு."

எனக்கு வந்ததே கோவம்! நீங்க யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருந்ததைச் சொல்லிட்டேன்.

"டேய், என்னைப் பெத்தவரே டிபிக்காரர்தான்டா. அவரைக் கூட்டிக்கிட்டு இந்த ஊர்ல லாட்ஜ் லாட்ஜா ஏறி இறங்கினேன். இடம் கொடுத்தது உங்கப்பா ஒருத்தர்தான். அந்த ரூம் இல்லேன்னா நீயே இல்ல."

விரிச்ச பிளானைச் சுருட்டி எடுத்துக்கிட்டுப் போயிட்டான். நம்மளது பெரியவங்க பார்த்து முடிச்ச கல்யாணம்னுதானே நினைச்சுக்கிட்டிருந்தான்! என் பிறந்த வீட்டை ஒருத்தரும் ஒரு சொல் சொல்லிடக் கூடாதுன்னு கடைசிவரைக்கும் மறைச்சீங்க. எனக்கு அந்தப் பயம் விட்டுப்போச்சுங்க. உங்களுக்குக் கோவமா?

நேத்து மாத்தின பிளானைக் கொண்டாந்து கொடுத்தான். செல்போன் கடை இல்லை. கீழ் ரூம் அதே இடத்துல இருக்கு, வீல்சேர் வர்றதுக்கு ரேம்ப் வேற போட்டிருக்கான். நமக்கு இத்தனை வருஷமா இது தோணலையே? அழுதுக்கிட்டே கையெழுத்து போட்டேன்.

கட்டி முடிச்சதும் அந்த ரூம் வாசல்ல எங்கப்பா பேரை எழுதப்போறேன், ரோட்டுல போறவங்களுக்கும் தெரியற மாதிரி. யாருன்னு கேட்டா வாய் திறந்து சொல்லுவேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
டிபிக்காரர் மகள்,
உங்க வீட்டுக்காரி
சரோஜா