கெமிஸ்ட்ரி மிஸ்ஸின் கோடைக்கால இயற்பியல்

மே 3

விடைத்தாள் திருத்தும் வேலை இன்றோடு முடிந்தது. விரலில் ஒட்டிய சிவப்பு மை போக இன்னும் சில நாள் ஆகும். வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் தலைமையாசிரியை அறைக்குக் கூப்பிட்டார். இயற்பியல் சார் வேலை மாறிப் போகிறாராம். பன்னிரண்டாம் வகுப்புக்குப் புதிதாகத் தொடங்கவிருக்கும் உயர்நிலை இயற்பியல் பாடத்துக்கு ஆள் இல்லை. ஆள் கிடைக்காவிட்டால் அந்தப் பாடமே கிடையாது.

“காலேஜ்ல நீங்க பிசிக்ஸும் படிச்சீங்கதானே?” என்று கேட்டார்.

படித்தேன், துணைப்பாடமாக. அது படித்த கணக்கில் வருமா? இத்தனை வருஷமாக வேதியியல் நடத்துகிறேன். இயற்பியல் ஆய்வகத்துக்குள் நான் போவது மின்விசிறி அங்கே நன்றாக ஓடும் என்பதற்காக மட்டும். ஆனால் தலை என்னைக் கேட்காமலேயே ஆடிவிட்டது. ஜூனில் பள்ளிக் குழுவின் முன் ஒரு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டுமாம். அவர்கள் சரி என்றால்தான் முடிவு. அதுவரை யாரிடமும் மூச்சு விடக் கூடாது.

சிக்கல் என்னவென்றால், அந்தப் பாடத்துக்குப் பேர் கொடுத்தவர்களில் ஒருத்தி என் வீட்டிலேயே இருக்கிறாள். விமானம் வடிவமைக்கப் போகிறேன் என்று பால் பல் விழுந்த காலத்திலிருந்து சொல்லிக்கொண்டிருப்பவள். இந்தப் பாடம் இல்லையென்றால் அவள் கதி?

வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். கால்நடை மருத்துவர்; எதற்கும் பதறாத மனிதர். “கடிக்குமா?” என்றார். கடிக்காது என்றேன். “அப்ப பார்த்துக்கலாம்.”

மே 6

வேகம், முடுக்கம் இரண்டும் முடிந்தன. இவ்வளவுதானா இயற்பியல்?

மே 10

இவ்வளவுதான் இல்லை.

ஒரு கப்பி, ஒரு கயிறு, இரண்டு எடைக்கல். எந்தப் பக்கம் கூட்டல், எந்தப் பக்கம் கழித்தல் என்பதிலேயே காலை முழுக்கப் போயிற்று. என் விடைப்படி கனமான கல் மேலே போகிறது. இந்த உலகத்தில் அப்படி நடக்காது என்கிற அளவுக்கு எனக்கும் தெரியும்.

மகள் எட்டிப் பார்த்தாள். எதுக்கும்மா இதெல்லாம் என்றாள். மூளைக்குப் பயிற்சி, மறதி வராமல் இருக்குமாம் என்று அளந்துவிட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கயிற்றின் இழுவிசையை நான் ஒரு பக்கம் மறந்துவிட்டதைச் சுட்டிக்காட்டிவிட்டுப் போனாள். மறதிக்கு வைத்தியம் செய்கிறவளுக்கு இது தேவைதான்.

மே 15

சாப்பிடும்போது மகளே பேச்சை எடுத்தாள். இயற்பியல் சார் போகும் செய்தி அவள் தோழிகளுக்கு எட்டிவிட்டது.

“வேற யாரையாவது சும்மா ஒப்புக்கு நிறுத்தி வச்சாங்கன்னா நான் ஸ்கூல் மாறிடுவேன். பாடமே தெரியாதவங்ககிட்ட ஒரு வருஷத்த வீணாக்க முடியாது.”

வீட்டுக்காரருக்குப் புரையேறியது. தலையில் தட்டினேன், தேவைக்கு மேலேயே பலமாக.

மே 21

சுழற்சி இயக்கம். அஞ்சு நாளா அதே பக்கம். அதே பக்கம்! படிக்கும்போது புரியுது, மூடினா ஒண்ணுமே இல்ல. எனக்கு எதுக்கு இந்த வேலை? பேசாம மேடம்கிட்ட போய் முடியாதுன்னு சொல்லிடலாம். பாடம் நின்னு போச்சுன்னா என் பொண்ணோட சேர்ந்து மத்த பிள்ளைகளும்… வேற யாராவது வராமலா போயிடுவாங்க? வர மாட்டாங்க. தெரியும்.

பிறகு துணி மடித்தேன். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தேன்.

மே 23

இன்று நல்ல நாள்.

ஒரே அளவு தகர டப்பா இரண்டு. ஒன்றில் தக்காளி விழுது நிறைய இருக்கிறது, மற்றது காலி. துணி தேய்க்கும் பலகையை நாற்காலி மேல் சாய்த்து வைத்து இரண்டையும் ஒன்றாக உருட்டிவிட்டால் எது முந்தும்? கனமானது என்றார் வீட்டுக்காரர். கனத்துக்கும் வேகத்துக்கும் சம்பந்தமே இல்லை, இரண்டும் ஒன்றாகத்தான் வரும் என்று நான் டீச்சர் குரலில் சொன்னேன்.

நிறைந்த டப்பா ஜெயித்தது. மறுபடி விட்டோம். மறுபடியும் அதுவே.

அவர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். ஆனால் அவர் சொன்ன காரணம் தப்பு, என் விடையே தப்பு. தரையில் உட்கார்ந்து காலி டப்பாவைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இதன் எடை முழுக்க ஓரத்தில் இருக்கிறது. ஓரத்தில் இருப்பதைச் சுற்றவைக்கத்தான் அதிகச் சிரமம். சரிவில் இறங்கும்போது கிடைக்கும் ஆற்றலில் பெரும் பங்கைச் சுற்றுவதற்கே செலவழித்துவிட்டு, முன்னே போவதற்குக் கொஞ்சம்தான் மிச்சம் வைக்கிறது. புத்தகத்தில் அஞ்சு நாள் முட்டிய அந்தப் பக்கத்தில் இருந்தது இதுதான்! எழுத்தாக இருந்தபோது தெரியவில்லை, டப்பாவாக வந்ததும் தெரிந்துவிட்டது.

சிரித்துக்கொண்டே சமையலறைக்குப் போனேன். விழுது டப்பா நசுங்கிவிட்டதால் அதை உடனே சமைத்தாக வேண்டியிருந்தது.

மே 30

குட்டு உடைந்தது.

விடுமுறையில் மகள் அப்பாவின் மருத்துவமனையில் முன்மேசையில் உட்காருகிறாள். இன்று தலைமையாசிரியை தன் நாயைக் காதுவலிக்காகக் கூட்டிவந்திருக்கிறார். போகும்போது, அம்மாவின் தயாரிப்பு எப்படிப் போகிறது, உங்களுக்கெல்லாம் அவர்தானே இயற்பியல் எடுக்கப்போகிறார் என்று கேட்டிருக்கிறார். யாரிடமும் மூச்சு விடாதே என்றவர்.

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“எல்லார் முன்னாடியும் நீ தப்பு பண்ணினா நான் எங்கம்மா பார்க்கறது? உன்னையா, பெஞ்சையா?”

மூளைப் பயிற்சி என்று சொன்ன பொய் வேறு நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது.

“என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல,” என்றாள். அதைத்தான் மெதுவாகச் சொன்னாள். அதுதான் தைத்தது.

ஜூன் 1

தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போகிறாள், காலித் தட்டைக் கொண்டுவந்து வைக்கிறாள். பட்டினி கிடக்கவில்லை, அதுவரை நிம்மதி.

ஜூன் 3

காலையில் தானாக வெளியே வந்தாள். “ஒரு பாடம் நடத்திக் காட்டு. சரியில்லைன்னா நான் ஸ்கூல் மாறுவேன், நீ தடுக்கக் கூடாது.” சரி என்றேன்.

குளிர்பெட்டிக் கதவைப் பலகையாக்கி, அழிகிற பேனாவால் எழுதினேன். லிஃப்டுக்குள் நிற்கும் மனிதனின் எடை. அவள் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். லிஃப்ட் கீழே கிளம்பும் இடத்தில், கழிக்க வேண்டியதைக் கூட்டிவிட்டேன்.

“தப்பு,” என்றாள். முகம் தொங்கிவிட்டது அவளுக்கு. நான் தப்பு செய்வேன் என்று எதிர்பார்த்தவள்தான். ஆனால் செய்யக் கூடாது என்றும் வேண்டிக்கொண்டிருந்திருக்கிறாள் போல.

பேனாவை மூடி வைத்தேன். அப்புறம் ஏனோ அந்தத் தகர டப்பா தெம்பு வந்தது. நீ சொல்றது சரியா நான் எழுதினது சரியான்னு நேர்லயே பார்த்துடலாம் வா என்று எடை பார்க்கும் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் குடியிருப்பின் லிஃப்டுக்குப் போனேன். அவள் அதன் மேல் ஏறி நின்றாள். கீழே கிளம்பியதும் முள் குறைந்தது. சீராகப் போகும்போது பழைய இடத்துக்கே வந்தது, நிற்கப்போகும்போது ஏறியது. மேலே வரும்போது எல்லாம் தலைகீழ். அவள் சொன்னதுதான் சரி என்று ஒப்புக்கொண்டேன். அதற்குள் அவளுக்கு அதெல்லாம் மறந்துவிட்டது, கேள்வி மேல் கேள்வி.

மூன்றாவது மாடியில் குடியிருக்கும் வக்கீல் ஏறினார். எடை இயந்திரத்தைப் பார்த்ததும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார்.

“அம்மா, இப்ப கயிறு அறுந்து லிஃப்ட் விழுந்தா முள் எங்க நிக்கும்?”

“பூஜ்யத்துல.”

வக்கீல் அடுத்த மாடியிலேயே இறங்கிப் படிக்கட்டில் போனார். நாங்கள் இரண்டு பேரும் லிஃப்டின் தரையில் உட்கார்ந்து சிரித்தோம். கதவு ஒருமுறை திறந்து, யாரும் ஏறாமல் மூடிக்கொண்டது.

வீட்டுக்குள் நுழையும்போது, பள்ளி மாறுவது பற்றிக் கேட்டேன். “பார்க்கலாம்,” என்றாள்.

ஜூன் 7

நான் நடத்துகிறேன், அவள் குறுக்கே கேட்கிறாள். தெரியாததற்குத் தெரியாது என்கிறேன். முதல் நாள் அந்த வார்த்தை தொண்டையில் சிக்கியது, இப்போது வழுக்கிக்கொண்டு வருகிறது. வீட்டுக்காரருக்குக் குளிர்பெட்டியைத் திறக்கவே அனுமதி இல்லை, சமன்பாடு அழிந்துவிடும்.

ஜூன் 13

மாதிரி வகுப்பு. குழுவில் இருந்த கல்லூரிப் பேராசிரியர் ஒரு சிக்கலான கேள்வி கேட்டார். பாதிவரை போனேன், மீதி எனக்கு இப்போது தெரியாது, பிள்ளைகளோடு சேர்ந்து செய்து பார்ப்பேன் என்றேன். அவர் எதையோ எழுதிக்கொண்டார். நல்லதா கெட்டதா, முகத்தில் தெரியவில்லை.

ஜூன் 14

கிடைத்துவிட்டது. மகளிடம் சொன்னேன். வகுப்பில் தன்னைச் செல்லப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து போய்விடுவாளாம். அது ஒன்றுதான் நிபந்தனை.

ஜூன் 28

பள்ளி திறந்து இரண்டாவது வாரம். இன்று முழுக்க உராய்வு. வகுப்பில் மகள் என்னை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. குறிப்பு மட்டும் எடுக்கிறாள். நானும் பேச்சுக் கொடுப்பதில்லை.

சாயங்காலம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவளும் ஒன்றை எடுத்தாள்.

“அம்மா, எங்க பிசிக்ஸ் மிஸ் இன்னைக்கு கொஞ்சம் வேகமா போயிட்டாங்க. பின்னாடி ரெண்டு பேருக்குப் புரியல, கேட்கக் கூச்சப்படறாங்க. மிஸ்கிட்ட நீ கொஞ்சம் சொல்றியா?”

சொல்கிறேன் என்றேன்.

“கோச்சுக்க மாட்டாங்கல்ல?”

“மாட்டாங்க.”

“அதான் நானும் அந்த ரெண்டு பேர்கிட்டயும் சொன்னேன்,” என்று அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.