படகின் இடுக்கில் வைத்த குங்குமம்

18 ஜனவரி, ஞாயிறு

அண்ணன் மகள் மதிவதனி இன்றும் ஏரியிலிருந்து முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். செய்யார் கம்பெனிச் சம்பளத்தில் ஒரு பழைய பாய்மரப் படகு வாங்கி எங்கள் வாசலில் வைத்திருக்கிறாள். நடுவில் ஒரு பெட்டி. அதற்குள் ஒரு பலகை, தண்ணீருக்குள் இறக்கலாம், மேலே ஏற்றலாம். அந்தப் பெட்டி படகின் தரையோடு சேருகிற இடுக்கில்தான், பசை போட்டு அடைத்தும் ஒழுகுகிறது. அடுத்த மாதம் சென்னையில் போட்டி. கடலில், தனியாக! படவேட்டு ரேணுகாம்பா, நீதான் பாத்துக்கணும்.

"கடலுக்குப் போற படகு ஏரியிலயே முழுவுது" என்று இவர் சிரிக்கிறார்.

24 ஜனவரி, சனி

இடுக்கைத் தின்னர் போட்டுத் துடைத்துவிட்டாள். காலையில் பசை.

25 ஜனவரி, ஞாயிறு

விடிந்ததும் விளக்கேற்றிய கையோடு, போன தடவை போலவே, படகுக்கு அம்மன் காப்பாகக் குங்குமத்தை நல்லெண்ணெயில் குழைத்து அந்த இடுக்கில் வைத்தேன். பார்த்தால் கேலி பண்ணுவாள். அதனால் கண்ணில் படாமல் உள்ளே தள்ளி. அதன் பிறகுதான் பசை போட்டாள்.

26 ஜனவரி, திங்கள்

மறுபடியும் ஒழுகிவிட்டது. பசை பாலாடை மாதிரி உரிந்து வந்தது. அடியில் சிவப்பு.

"துரு பாரு அத்தை. உள்ள போல்ட்டு போயிடுச்சி. ஒரே பேஜாரு. வித்துடறேன், போட்டியும் வாணாம்."

துரு இல்லையே அது. என் குங்குமமாச்சே! எண்ணெய் மேல பசை எப்படி ஒட்டும்?

நான்தான் வெச்சேன்னு அவகிட்ட சொல்லல. படகு போனா கடலும் போச்சி, பொண்ணு பத்திரமா இருப்பா — அம்மனே காட்டுன வழியோ?

28 ஜனவரி, புதன்

படகைத் திரும்பியும் பார்ப்பதில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறாள்.

30 ஜனவரி, வெள்ளி

படவேடு போனேன். அம்மன் எதிரில் வேண்டுதல் வாயில் வரவில்லை. என்னன்னு கேக்கறது? அவ ஆசை கெடட்டும்னா?

பஸ்ஸுக்கு நின்றபடியே, கம்பெனி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தவளுக்குப் போன் போட்டேன். "அது துரு இல்லடி கண்ணு. குங்குமம். நான்தான் வெச்சேன்."

"எண்ணெய்லயா கொழச்ச?"

"நல்லெண்ணெய்டி."

"அத்தை!" என்று கத்தினாள். பிறகு சிரித்தாள் பாரு, கம்பெனி பஸ்ஸே திரும்பிப் பார்த்திருக்கும்.

1 பிப்ரவரி, ஞாயிறு

இடுக்கை மறுபடியும் துடைத்துப் பசை போட்டாள். "ரூமை வுட்டு வெளிய வராத." வரவில்லை.

8 பிப்ரவரி, ஞாயிறு

ஏரிக்கு நானும் போனேன். ஒரு சொட்டு இல்லை.

14 பிப்ரவரி, சனி

வண்டியில் படகை ஏற்றியாயிற்று. குங்குமச் சிமிழோடு வாசலில் நின்றேன்.

"எண்ணெய் இல்லியே?"

"சோப்பு போட்டு கழுவிகினு வந்தேன்டி."

குனிந்து நெற்றியைக் காட்டினாள். வேர்வையில் நன்றாக ஒட்டிக்கொண்டது.