கசகசா பூத்த கொல்லை

மத்திய சிறை, திருச்சி
4.3.2019

அன்புத் தங்கை ஆனந்தவல்லிக்கு, அண்ணன் இளையபெருமாள் சொல்லச் சொல்ல, உடனிருக்கும் மருதையன் எழுதுவது.

வேளாங்கண்ணியில் கடல் ஊருக்குள் ஏறிய மார்கழிக்கு அடுத்த தையில், அப்பா கருமாதி அன்று நீ கோபித்துக்கொண்டு படியிறங்கினாய். பச்சைக் கரை போட்ட புடவை. அதோடு நமக்குள் பேச்சில்லை. இப்போதும் உதவி கேட்டு எழுதவில்லை. ஊரார் வாயால் நீ கேட்கக் கூடாது, அவ்வளவுதான்.

கஜா புயலில் மேட்டுக் கொல்லை வாழை அத்தனையும் சாய்ந்தது. உன் அண்ணி ஊர்க் கல்யாணங்களுக்குச் சமைக்க வாங்கி வைத்திருந்த கசகசா மூட்டையும் நனைந்துபோனது. நனைந்த தானியத்தைக் குப்பையில் கொட்டும் வழக்கம் நம் வீட்டில் கிடையாதே! கொல்லையைக் கொத்தி இறைத்துவிட்டேன். மாசியில் பூத்தது பார், வெள்ளையும் ஊதாவுமாக! சுற்றுவட்டாரத்தில் ஒரு மரம் நிற்கவில்லை. என் கொல்லை மட்டும் கல்யாண வீடு. ஊர்ப் பிள்ளைகள் போனில் படம் எடுத்துப் போட்டார்கள். அதைப் பார்த்துப் போலீஸ் வந்தது. அது அபின் செடியாம்.

"தானா மொளைச்சுதா பெரியவரே?" என்று இன்ஸ்பெக்டரே வழி காட்டினார்.

"தானா மொளைக்க அது என்ன நாயுருவியா? நான்தான் வெதைச்சேன், நான்தான் தண்ணி ஊத்துனேன்" என்றேன்.

வண்டியில் ஏற்றிவிட்டார்கள். வக்கீல் பெண் அனுசுயா ஜாமீன் மனுப் போட்டிருக்கிறது. கவலைப்படாதே.

கைநாட்டு: இளையபெருமாள்


வேதாரண்யம்
12.3.2019

அண்ணனுக்கு ஆனந்தவல்லியின் வணக்கம்.

சிறை முத்திரையைப் பார்த்து, அடுப்பை அணைத்துவிட்டுப் பிரித்தேன். ஆனால் நாயுருவியில் சிரித்துவிட்டேன். நீங்கள் மாறவே இல்லை.

அன்று, அந்தக் கொல்லையில் எனக்கும் பங்கு உண்டு என்றேன். "கட்டிக்குடுத்த பொண்ணுக்கு மண்ணு ஏது?" என்று சபையில் கேட்டீர்கள். பங்கு கொடுத்திருந்தால் இன்று நானும் உங்களோடு உள்ளே இருந்திருப்பேன்.

அண்ணி போன் செய்தார்கள். ஜாமீன் கிடைத்தாலும் இரண்டு பேர் பொறுப்பேற்று வர வேண்டுமாம். ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும் என்று வக்கீல் சொன்னதாம். சத்துணவு வேலை பார்த்து நானே கட்டிய வீடு இருக்கிறது, வரி ரசீது என் பெயரில். கொண்டுவந்து நிற்பேன். ஆனால் அண்ணி அழைத்ததற்காக வரமாட்டேன். நீங்கள் கூப்பிட வேண்டும். நானும் அந்த அப்பாவுக்குப் பிறந்தவள்தான் அண்ணே.

ஆனந்தவல்லி


மத்திய சிறை, திருச்சி
1.4.2019

அன்புத் தங்கைக்கு,

ஜாமீன் கொடுத்துவிட்டார்கள். அனுசுயா என்னமாய்ப் பேசியதாம்! இவ்வளவு செடி இருந்தால் பெரிய குற்றம் என்று சட்டத்தில் அளவு எதுவும் சொல்லவில்லை, அதனால் ஜாமீனைத் தடுக்கும் கடுமையான பிரிவு இதற்குப் பொருந்தாது என்றதாம். "காயில கீறல் இருந்துதா?" என்று நீதிபதி கேட்டிருக்கிறார். ஒன்றில்கூட இல்லை என்று போலீஸ் தரப்பே ஒத்துக்கொண்டது. கீறினால்தானே அபின் பால் வடியும்? நான் பூவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ஜாமீனுக்குப் பக்கத்து வயல் வைரக்கண்ணு தயார். ரத்த உறவுதான் பாக்கி. பெண்டாட்டி அதில் சேரமாட்டாளாம். "இத்தன வருஷமா எம் ரத்தத்தத்தானே குடிச்சீங்க, இன்னும் என்ன உறவு வேணும்?" என்கிறாள் உன் அண்ணி.

யாரையாவது பங்காளி என்று காட்டிவிடலாம் என்று இங்கே ஒருவன் யோசனை சொன்னான். விதைத்ததையே மறைக்காதவன் உறவிலா பொய் சொல்வேன்?

யாரையும் வா என்று கூப்பிட்டவனில்லை நான். உன்னைக் கூப்பிடுகிறேன். வா அம்மா.

கைநாட்டு: உன் அண்ணன்

விரல் வைத்த பிறகு இதையும் மருதையனை எழுதச் சொன்னேன். அப்பா இல்லை, அம்மா இல்லை. பெரியண்ணன் பாம்பு கடித்துப் போனான். சித்தப்பா மகன் புயலுக்கு முந்தின ஆடியில் போய்விட்டான். எனக்கும் பிள்ளை இல்லை. நம் ரத்தத்தில் இனி உயிரோடு இருப்பவள் நீ ஒருத்திதான், ஆனந்தவல்லி.