மீன்பெட்டியில் வைத்த பால்

ஜூன் 3, திங்கள்
இன்று ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு பாட்டில் பால் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் சிஜோ குடித்து மிஞ்சியதுதான். மூன்று மாதப் பிள்ளைக்கு எவ்வளவு வேண்டும்? தாய்ப்பால் வங்கி நர்ஸ் அனகா எல்லார் முன்னாலும், "டெல்னா சேச்சியைப் போலே வேறே ஆளு இல்லை" என்றாள். பொழியூர் வரைக்கும் பஸ்ஸில் எனக்குள்ளே சிரித்துக்கொண்டு வந்தேன். தலைக்கனம்தான்.

கிளம்புமுன் அனகா கண்ணாடிக்கு அப்பால் ஒரு குறைமாதப் பிள்ளையைக் காட்டினாள். எடை ஒரு கிலோ நூறு கிராம். அதன் அம்மா ஆனந்தலட்சுமிக்கு இன்னும் பால் ஊறவில்லை. "நீங்கல்லாம் தாற பாலாக்கும் அதுக்கு."

ஜூன் 6
நேற்று காற்றில் மரம் விழுந்து பதினோரு மணி நேரம் கரண்ட் இல்லை. ஃபிரீசரில் பால் இளகத் தொடங்கியதும் என் வீட்டுக்காரர் லிண்டோவின் மீன்பெட்டியைக் கழுவி, ஐஸ் தட்டிப்போட்டு, பாட்டில்களை அடுக்கினேன். "ஐஸிலே நெய்மீனே ரெண்டு நாளு கெடக்கும், பாலு கெடக்காதா?" என்றார். எனக்கும் சரியென்றே பட்டது. கரண்ட் வந்தபோது பாட்டிலில் பால் எல்லாம் தண்ணீராய் ஆடியது. திரும்ப ஃபிரீசரில் வைத்தேன். காலையில் கல்லாக இருந்தது. பார்த்தால் ஒன்றும் தெரியாது.

ஜூன் 7
பாட்டில்களை வாங்கும்போது அனகா வழக்கம்போல் கேட்டாள், "இடையிலே இளகல்லியே?" இளகி உறைந்த பாலை எடுக்கமாட்டார்கள்.

இல்லை என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? அவள் முன்னால் வெறுங்கையோடு நிற்கக் கூச்சம். அவ்வளவுதான் காரணம்.

ஜூன் 11
அனகா ஃபோன் செய்தாள். நாலு பேர் பாலை ஒன்றாகக் கலந்து, சூடாக்கி, சோதித்துத்தான் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். இந்தத் தடவை சோதனையில் கிருமி. கலந்தது முழுவதையும் கொட்டிவிட்டார்களாம். லிஜியுடையதும் அதில் உண்டு.

லிஜி எனக்குப் பக்கத்து வீடு. போன மாதம் பெற்ற பிள்ளை ஆறு நாள்தான் இருந்தது. "எம் பிள்ளைக்கு உள்ளது வேற பிள்ளைக்காவது ஆகட்டு" என்று அழுதுகொண்டே பிழிந்த பால் அது.

ஜூன் 12
வங்கியில் வேறு பால் இருப்பில்லை. ஆனந்தலட்சுமியின் பிள்ளைக்கு நேற்றிலிருந்து பொடிப்பால். இன்று வயிறு வீங்கி, அதையும் நிறுத்தி டிரிப் போட்டிருக்கிறார்கள். நான் என்ன காரியம் செஞ்சு வச்சிருக்கேன். மாதாவே — இளகிச்சுன்னு ஒரு வார்த்தை சொல்ல எனக்கு நாக்கு வரல்லியே.

ஜூன் 13
போய்ச் சொல்லிவிட்டேன். அனகா தலை குனிந்திருந்தாள். "பிள்ளைக்கு வந்தது பொடிப்பாலாலேன்னு உறுதியாட்டு சொல்ல முடியாது சேச்சி. ஆனா அன்னே சொல்லியிருந்தா உங்க பாலை மட்டும் தனியா மாத்தி வச்சிருப்பேன்."

திட்டியிருக்கலாம்.

ஜூன் 16
பிள்ளைக்கு வீக்கம் வடிகிறது. லிஜியிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் துணி காயப்போட வந்தால் நான் உள்ளே போய்விடுகிறேன்.

ஜூன் 29
பிள்ளை வேளைக்கு எட்டு மில்லி குடிக்கிறது. தாய்க்கும் ஊறத் தொடங்கிவிட்டது.

பால் கொடுப்பவர்கள் நிரப்பும் படிவத்தில் புதிதாக ஒரு வரி: கரண்ட் போனதா, எத்தனை மணி நேரம்? பால் கொடுக்க என்னோடு வந்த லிஜி அதைப் படித்துவிட்டு, "இது எவளுக்காட்டு சேர்த்ததோ" என்றாள்.

"எனக்காட்டாக்கும்" என்றேன். மீன்பெட்டி முதல் எல்லாவற்றையும் சொன்னேன்.

பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டை நோக்கி நடக்கும்போது அவள் கேட்டாள், "கொட்டினதிலே எனக்க பாலு எத்தர பாட்டில் இருந்திச்சு?"

ஏழு, என்றேன். அனகாவிடம் உண்மையைச் சொன்ன அன்றைக்கே கேட்டு வைத்திருந்தேன்.