சுக்கானில் இல்லாத பூட்டு

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.

அன்பின் இன்பாஸ்,

பேர்லின் குளிரில் சுகமாக இருக்கிறாயா? போன வெள்ளி கிண்ணியாவில் உன் உம்மாவைக் கண்டேன். எங்கள் சண்டையில் தனக்குப் பங்கில்லை என்று சொல்லி வட்டிலப்பம் தந்தார். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் எழுதாமல் இருக்க ஏலவில்லை.

நாங்கள் தமிழில் உருவாக்கிய சுக்கான் நிரல்மொழியின் அடிப்படை நூலகத்திலேயே மறையாக்கமும், அதாவது எழுதியதைப் பிறர் வாசிக்காமல் பூட்டும் வசதியும், இருக்கவேண்டும் என்று நான் கத்தினேன். நீ மாட்டேன் என்றாய். பூட்டு பழசானால் மொழிக்கே கேடு, பிறகு கழற்றினால் அதை நம்பி எழுதியவர்களின் வேலை உடையும், தேவையானவர்கள் இணையத்தில் எடுக்கட்டும் என்றாய். உன் சொல்தான் நின்றது. நானும் உன்னோடு கதைப்பதை விட்டேன்.

நாம் நடத்திய சுக்கான் வகுப்பில் முன்வரிசையில் இருந்த சனூஸாவை ஞாபகம் இருக்கிறதா? வீட்டில் அடிவாங்கும் பெண்கள் ஆலோசகருக்கு எழுதுவதற்கு, சுக்கானில் ஒரு செயலி செய்தாள். பூட்டைத் தேடினாள், நூலகத்தில் இல்லை. இணையத்தில் ஏழெட்டுக் கிடந்தன, எது நல்லதென்று அவளுக்கு யார் சொல்வது? கடைசியில், எழுத்துகளை அகரவரிசையில் மூன்று இடம் தள்ளி எழுதும் பயிற்சியை நாம் பாடத்தில் விளையாட்டுக்கு வைத்தோமே, அதையே பூட்டாகப் போட்டுவிட்டாள். நாம் சொல்லிக்கொடுத்தது பிழையாகாது என்று நம்பினாளாம்.

சல்லிக் கிராமத்தில் சுலோஜனா என்றொரு பெண். புருஷன் அடிப்பதையும், பிள்ளையோடு திரியாயில் உள்ள தாய்வீட்டுக்குப் போகப்போவதையும் சனூஸாவின் செயலியில் எழுதியிருக்கிறாள். போனில் குழம்பிக் கிடந்த எழுத்துகளைப் புருஷனின் தம்பி பார்த்துவிட்டான். அவனும் எங்கள் மாணவன்தான், அதே பாடம் படித்தவன். ஒரு தேத்தண்ணி குடித்து முடிவதற்குள் வாசித்துவிட்டான். அவள் பஸ் ஏறவில்லை, இன்பாஸ். கை முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். பிள்ளை அவர்களிடம்.

நான் சொன்னது சரியாகிவிட்டது. ஐயோ, அது பிழையாகிப் போயிருக்கக் கூடாதா! நீ பயந்ததும் நியாயம்தான், பழைய பூட்டு ஆபத்து. அதற்காகப் பூட்டே இல்லாத கதவை அல்லவா கொடுத்துவிட்டோம்.

சனூஸா செயலியை நிறுத்திவிட்டாள், வீட்டைவிட்டு வெளியே வருவதுமில்லை. எப்போது திறப்பீர்கள் என்று மற்றப் பெண்கள் கேட்டபடி இருக்கிறார்களாம். நீ ஓம் என்றால்தான் சுக்கானின் அடுத்த பதிப்பு பூட்டோடு வெளிவரும். எந்தப் பூட்டு, பழசானால் எப்படி மாற்றுவது, எல்லாம் நீயே தீர்மானி மச்சான். நான் எதிர்க்கதை கதைக்கமாட்டேன்.

நேற்று சனூஸாவின் வாப்பாவோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். தான் எங்கேயாவது பிழையாக அழுத்திவிட்டாளா என்று சுலோஜனா என்னிடம் கேட்டாள். கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அவளுக்கு என்ன சொல்வதென்று நீயாவது எழுது.

எங்கிருந்தாலும் நீ நல்லாயிருக்க வேண்டும்.

உன்,
விதுசன்