அக்காவை நான் எழுப்பவில்லை

மார்ச் 4
வெட்கக்கேடு. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நெளிந்தார். என் வாய் சும்மா இருக்கிறதா? "காத்து பிரிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டேன். மனிதர் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி ஓடிவிட்டார். குடல் ஆபரேஷன் வார்டில் ஆயாவாக இருந்தால் இப்படித்தான். நாள் முழுக்க இதே கேள்வி. காற்றுப் பிரிந்தால் குடல் விழித்துக்கொண்டது என்று அர்த்தம்.

மார்ச் 6
முன்பிருந்த பெரிய சிஸ்டர் காலத்தில் வார்டே வேறு. காலையில் ஆபரேஷன் என்றால் சாயங்காலம் கால் தரையில் பட வேண்டும். குடிக்கத் தண்ணீர், மென்றுகொண்டிருக்க பபிள்கம், உடனே நடை, எல்லாம் குடலைச் சீக்கிரம் எழுப்பத்தான். "வாங்க ஹீரோ, டூயட்டுக்கு நேரமாச்சு" என்று கிழவர்களைக் கிண்டல் பண்ணியே நடத்திக்கொண்டு போவேன்.

அவர் மாற்றலாகிப் போனார். முதலில் பபிள்கம் நின்றது. பிறகு, கைத்தாங்கலாகப் பிடிக்க ஆள் இல்லை என்று நடை நின்றது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. தானாக நின்றது. நான் மட்டும் கையில் அகப்பட்ட ஒன்றிரண்டு பேரை எழுப்பிக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 9
அக்காவுக்குக் குடலில் கட்டி. எங்கள் வார்டிலேயே சேர்த்தாயிற்று. என்னை வளர்த்தவள். "நீ இருக்கறப்ப எனக்கென்னடி பயம்" என்கிறாள்.
எனக்குத்தான் பயம்.

மார்ச் 10
நாளைக்கு ஆபரேஷன். இன்று சாயங்காலத்திலிருந்தே தண்ணீர்கூடக் கூடாதாம். "முன்னெல்லாம் காலைல சர்க்கரைத் தண்ணி குடுப்போமே சிஸ்டர்" என்றேன். "எதுக்கு வம்பு ஆயாம்மா, வயிறு காலியாவே இருக்கட்டும்" என்றாள் புது சிஸ்டர். சின்னப் பெண். ஒற்றை ஆளாக வார்டு முழுக்க ஓடுகிறாள், பாவம்.

மார்ச் 11
கட்டியை எடுத்துவிட்டார்கள். சாயங்காலம் கையைப் பிடித்து எழுப்பினேன். "ஐயோ விட்டுடுடி, செத்துருவேன்" என்று அழுதாள். அக்கா அழுது நான் பார்த்ததே இல்லை. போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டேன்.

பக்கத்துக் கட்டில் அம்மாவுக்குச் சிரிப்பு. "என்னைய மட்டும் தரதரன்னு இழுத்தீங்க. சொந்த அக்கான்னா மகாராணியா?"
"மகாராணிதான். பல்லக்கு வந்துட்டு இருக்கு" என்றேன்.

மார்ச் 12
இன்றும் எழுப்பவில்லை. நாளைக்கு.

மார்ச் 13
வயிறு உப்பிக் கல்லாகிவிட்டது. பச்சை பச்சையாக வாந்தி. மூக்கில் குழாய் போட்டிருக்கிறார்கள். குடல் தூங்குகிறதாம். படுத்தே கிடந்ததில் நெஞ்சில் சளி கட்டி, கரகரவென்று கேட்கிறது.
"இவங்கள ஏன் நடக்கவே வைக்கல?" என்று டாக்டர் கேட்டார். சிஸ்டர் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

மார்ச் 14
மூச்சு முட்டுகிறது என்று தீவிர சிகிச்சைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கதவுக்கு வெளியே நிற்கிறேன். ஊர்ல இருக்கறவங்களையெல்லாம் எழுப்புனியே, பாவி, அவள எழுப்ப மட்டும் கை வரலையா? பாசமாம். பெரிய பாசம்!

மார்ச் 17
அக்கா போய்விட்டாள்.

மார்ச் 29
வேலைக்கு வந்தேன். கிண்டல் பேச்சு எதுவும் வாயில் வரவில்லை. டாக்டரைக் கேட்டேன் — நடந்திருந்தா பொழைச்சிருப்பாளா?
"அப்படிச் சொல்ல முடியாதும்மா."
ஆமான்னா அழுதுட்டுப் போயிருப்பேன். இல்லைன்னாலும் அழுதுட்டுப் போயிருப்பேன். சொல்ல முடியாதுன்னா நான் என்னதான் பண்றது?
வார்டில் எல்லோரும் படுத்துக் கிடக்கிறார்கள். கிடக்கட்டும். எனக்கென்ன.

ஏப்ரல் 5
காலையில் ஆபரேஷன் ஆன வாத்தியார் ஒருவரை, சாயங்காலம் புது சிஸ்டரே வந்து எழுப்பினாள். "ஆயாம்மா, நீங்க அந்தப் பக்கம் பிடிங்க" என்றாள். பிடித்தேன். கதவு வரைக்கும் போனோம். திரும்பும்போது குளுக்கோஸ் ஸ்டாண்டின் சக்கரம் சிஸ்டரின் கால் கட்டைவிரல் மேல் ஏறிவிட்டது. நகம் பெயர்ந்துவிட்டது. வாத்தியார் மன்னிப்புக் கேட்டார். டாக்டர் வந்து கட்டுப் போட்டு, ரெண்டு நாளைக்கு எழுந்து நடக்கவே கூடாது என்று சிஸ்டரிடம் சொல்லிவிட்டுப் போனார்.